டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா? – மலைச் சைக்கிள் பற்றி ஓர் ஆராய்ச்சி



நம் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் தினமும் ஒரு சண்டை நடக்கிறது. "டிஸ்க் பிரேக்தான்டா கெத்து. ரிம் பிரேக் எல்லாம் தாத்தா காலத்துது" என்று ஒரு கட்சி. "போடா, டிஸ்க் எப்பப் பார்த்தாலும் கத்தும், ரிப்பேர் ஆனா திருப்பத்தூருக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்" என்று இன்னொரு கட்சி. பெல் அடித்தால்தான் இரண்டு கட்சியும் கலையும். இதைப் பார்த்துவிட்டு அறிவியல் டீச்சர் என்னிடம், "நீதான் விழுந்தவளாச்சே, நீயே இதை எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். ஒரு தாள் போதவில்லை, பக்கத்தில் இன்னும் இரண்டு தாள் ஒட்டியிருக்கிறேன். படம் வரைந்தது என் தம்பி. வலது கையில் மாவுக்கட்டு இருப்பதால் இடது கையால் வரைந்தான். சக்கரம் முட்டை மாதிரி இருந்தால் அவனைக் கேலி செய்யாதீர்கள். அந்த மாவுக்கட்டுக்கு நான்தான் காரணம்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு அப்பா எனக்கு ஒரு பழைய மலைச் சைக்கிள் வாங்கித் தந்தார். மலைச் சைக்கிள் என்றால் தடித்த டயர், நேரான ஹேண்டில் பார், கியர் எல்லாம் உள்ளது. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான் அப்படி. ஆனால் பிரேக் பிடித்தால் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி கத்தும். ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். கதவு கீச்சென்றால் அம்மா எண்ணெய் விடுவார், செயின் கத்தினால் அப்பா எண்ணெய் விடுவார். நானும் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து இரண்டு டிஸ்க்கிலும் நன்றாகப் பூசினேன். கத்தல் நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் சாயங்காலம் தம்பியை முன் பாரில் உட்கார வைத்துக்கொண்டு ஏரிக்கரைச் சரிவில் இறங்கினேன். கீழே வளைவு வந்ததும் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ஒயர் அறுந்திருந்தால் லீவர் தளர்ந்து ஹேண்டிலில் போய் முட்டும் அல்லவா? அப்படி ஆகவில்லை. லீவர் கெட்டியாகவே இருந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை, வேகம் கூடிக்கொண்டே போனது. "அக்கா! அக்கா!" என்று அவன் கத்தினான். காலைத் தரையில் தேய்த்தேன், செருப்பு போனது. வேலிக்காத்தான் புதரில் விட்டேன். எனக்கு முள் கீறல்தான். தம்பி கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

அப்பா அதிகம் திட்டவில்லை. "இந்த டிஸ்க் சைக்கிளே வேணாம், வித்துடலாம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். அதைவிட, தப்பு சைக்கிள் மேலா, என் மேலா என்று எனக்கே தெரியவில்லை. "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா. கண்டுபிடிச்சுச் சொல்றேன். அப்புறம் வித்துடுங்க" என்றேன். சரி என்றார்.

இனி பாடம்.

பிரேக் என்ன வேலை செய்கிறது? "வண்டியை நிறுத்துகிறது" என்பது பாதி பதில்தான். ஓடும் சைக்கிளில் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஆற்றலை அழிக்க முடியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றத்தான் முடியும் என்று படித்திருக்கிறோம். பிரேக் அந்த இயக்க ஆற்றலை உராய்வு மூலம் வெப்பமாக மாற்றுகிறது. உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், அதேதான். எண்ணெய் தடவிக்கொண்டு தேய்த்தால் கை சுடாது. உராய்வு இல்லை, வெப்பம் இல்லை, வண்டியும் நிற்காது. என் கதை இந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது!

எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டபோது எனக்கே ஆச்சரியம். நம் ஏலகிரி மலையையே எடுத்துக்கொள்வோம். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். மேலேயிருந்து பொன்னேரி வரைக்கும் இறக்கம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 60 கிலோ. நிலை ஆற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 60 × 10 × 600 = 3,60,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4,200 ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் 85 டிகிரிக்கு மேல் வருகிறது. அதாவது நான் மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து வீட்டில் எல்லோருக்கும் டீ போடலாம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். ஆனால் மெதுவாக, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் பெரும்பங்கு பிரேக்குக்குத்தான் போகும்.

இந்த வெப்பத்தால் ஒரு சாலைக்கே பெயர் வந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் கவுண்டி என்று மலைப்பாங்கான இடம். 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மேல் கொண்டுபோய், மண் பாதையில் இறக்குவார்கள். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளே பிரேக் பிடிக்கும். இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில் 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேரும்போது ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் எல்லாம் உருகிப் புகையாகப் போயிருக்குமாம். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்து, மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது. 1976-இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் இந்த ஓட்டத்துக்கென்றே புதிதாகச் சைக்கிள் செய்தார். இன்று நாம் 'எம்.டி.பி.' என்று சொல்லும் மலைச் சைக்கிளின் பிறப்பு இங்கேதான். ஆக, மலைச் சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே அதன் பிரச்சினை பிரேக்தான்.

ஹப் பிரேக்கை விட்டுவிட்டு அவர்கள் ரிம் பிரேக்குக்கு மாறினார்கள். ரிம் பிரேக் என்றால் நமக்குத் தெரிந்ததுதான். லீவரைப் பிடித்தால் ஒயர் இழுத்து, இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும். 1996-இல் ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனி 'வி பிரேக்' என்ற வகையை வெளியிட்டது. ரிம்முக்கு இரண்டு பக்கமும் நீளமான இரண்டு கை, மேலே குறுக்கே ஒரு ஒயர். நீளமான கை என்பதால் நெம்புகோல் தத்துவப்படி கட்டை பலமாக அழுத்தும். நம் ஸ்டாண்டில் இருக்கும் கியர் சைக்கிள்களில் டிஸ்க் இல்லாதவை பெரும்பாலும் இந்த வகைதான். போய்ப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக்கில் கட்டை ரிம் பக்கமே போகாது. சக்கரத்தின் நடுவில் ஹப்போடு ஒரு மெல்லிய எஃகுத் தட்டு சுற்றும். அதை இரண்டு சின்ன 'பேட்' பிடிக்கும். இது சைக்கிளுக்காகக் கண்டுபிடித்தது அல்ல. லான்செஸ்டர் என்ற இங்கிலாந்துக்காரர் 1902-லேயே காருக்காக இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மலைச் சைக்கிள்களில் 1990-களின் கடைசியிலிருந்துதான் இது பரவியது.

இங்கே ஒரு வேடிக்கை. என் சைக்கிளின் டிஸ்க் தட்டு 160 மில்லிமீட்டர் விட்டம், அதாவது ஆரம் 8 செ.மீ. ரிம்மில் கட்டை பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 28 செ.மீ. தூரத்தில் இருக்கிறது (ஸ்கேலால் அளந்தேன்). கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், கஷ்டம். கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபம். அதே மாதிரி, 28 செ.மீ. தூரத்தில் பிடித்து நிறுத்துவது சுலபம், 8 செ.மீ. தூரத்தில் பிடிக்க மூன்றரை மடங்கு அதிக உராய்வு விசை வேண்டும். யோசித்துப் பார்த்தால் ரிம் பிரேக்கும் ஒரு டிஸ்க் பிரேக்தான், சக்கரத்தின் ரிம்மே மிகப் பெரிய டிஸ்க்! அப்படியென்றால் ரிம் பிரேக்தானே நன்றாகப் பிடிக்க வேண்டும்? சின்னத் தட்டை எதற்குக் கஷ்டப்பட்டு வைத்தார்கள்?

இதற்குப் பதில் தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கிறது. ரிம் தரையிலிருந்து ஒரு டயர் உயரம்தான். குட்டையில் இறங்கினால் முதலில் நனைவது அதுதான். மலைப் பாதையில் சேறும் மணலும் ரிம்மில் அப்பிக்கொள்ளும். கட்டை பிடிக்கும்போது முதலில் அந்தத் தண்ணீரை வழித்து எடுக்க வேண்டும், அப்புறம்தான் உராய்வு கிடைக்கும். 26 இன்ச் சக்கரத்தின் விட்டம் சுமார் 66 செ.மீ., சுற்றளவு 22/7 × 66 = 207 செ.மீ. வழித்து எடுக்க இரண்டு சுற்று ஆனால்கூட நான்கு மீட்டருக்கு மேல் சும்மா ஓடிவிடும். டிஸ்க் தட்டு உயரத்தில் இருக்கிறது, அவ்வளவாக நனையாது. நனைந்தாலும் அதிலுள்ள ஓட்டைகளும், பேட் பலமாக அழுத்துவதும் தண்ணீரைச் சீக்கிரம் விரட்டிவிடும்.

இதைப் புத்தகக் கணக்காகச் சொன்னால் ஸ்டாண்டுக் கட்சிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். அதனால் பி.இ.டி. சாரிடம் அனுமதி வாங்கி, மைதானத்து மேட்டில் சோதனை செய்தோம். மூன்று சைக்கிள். ஒன்று, அப்பாவின் பழைய பெரிய சைக்கிள். கம்பி பிரேக், பளபளவென்று முலாம் பூசிய இரும்பு ரிம். இரண்டு, என் தோழியின் கியர் சைக்கிள். வி பிரேக், அலுமினிய ரிம். மூன்று, என்னுடையது. புது பேட் போட்ட பிறகு. ஓட்டியது மூன்றிலும் நானே, இல்லாவிட்டால் எடை மாறிவிடும். மேட்டில் ஒரே இடத்திலிருந்து பெடல் மிதிக்காமல் உருண்டு வர வேண்டும், சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டும். சார் டேப் வைத்து அளந்தார். ஒவ்வொன்றும் மூன்று தடவை, சராசரி எடுத்தோம்.

காய்ந்த சக்கரத்தில்: வி பிரேக் 3 மீட்டரில் நின்றது. டிஸ்க்கும் ஏறக்குறைய 3 மீட்டர்தான்! இதைக் கேட்டதும் டிஸ்க் கட்சி "மறுபடி அள, மறுபடி அள" என்று கத்தியது. மறுபடி அளந்தும் அதேதான். அப்பாவின் கம்பி பிரேக் 5 மீட்டர்.

அப்புறம் ஒரு குடம் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிவிட்டு உடனே ஓட்டினேன். டிஸ்க் 3 மீட்டரைவிட ஒரு சாண் அதிகம். வி பிரேக் நாலரை மீட்டர். கம்பி பிரேக்... 9 மீட்டர் தாண்டியும் நிற்காமல் போய், வேப்பமரத்துப் பக்கம் நின்றிருந்த பையன்கள் ஓடினார்கள். இது எங்கள் மைதானத்தில், என் எடைக்கு வந்த கணக்கு. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம்.

இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது என்னவென்றால், டிஸ்க்குக்கும் ரிம்முக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, அலுமினிய ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிசு. முலாம் பூசிய இரும்பு கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதன் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால் ரப்பர் வழுக்கும். "ரிம் பிரேக் மழையில பிடிக்காது" என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இந்த இரும்பு ரிம்மைப் பார்த்துச் சொன்னதுதான். அப்பாவிடம் சொன்னேன். "அதனாலதான் நான் மழையில தள்ளிட்டு வருவேன்" என்றார். இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்ததைத்தான் நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன்.

காய்ந்த சக்கரத்தில் இரண்டும் சமமாக வந்தது ஏன்? சைக்கிளைக் கடைசியில் நிறுத்துவது பிரேக் அல்ல, டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. மண் தரையில் ஒரு அளவுக்கு மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு இழுத்துக்கொண்டு போகும். இரண்டு சைக்கிளிலும் பின் சக்கரம் அப்படித்தான் கோடு போட்டது. அதற்கு மேல் எவ்வளவு பலமான பிரேக் இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

பின் சக்கரம் மட்டும் ஏன் சறுக்குகிறது என்றால், பிரேக் பிடிக்கும்போது நம் எடை முன்னால் சாய்கிறது. பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்வோமே, அது. பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைவதால் பிடிமானமும் குறைகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. நம் பெண்கள் நிறையப் பேர் 'குப்புற விழுந்துடுவோம்' என்று முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். நான் பின் பிரேக் மட்டும் பிடித்து ஒரு தடவை அளந்தேன். 6 மீட்டர்! டிஸ்க்கோ ரிம்மோ, முன் பிரேக்கைத் தொடாவிட்டால் பாதி பிரேக் வீண். ஆனால் டிஸ்க் சைக்கிளில் முன் பிரேக்கை ஒரேயடியாக அமுக்கக் கூடாது. இரண்டு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டு பிடிக்க வேண்டும்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். ரிம் பிரேக்கில் அந்த மூன்றரை லட்சம் ஜூலில் பிரேக்கின் பங்கு போய்ச் சேரும் இடம் ரிம். ரிம்முக்குள்ளேதான் டியூப் இருக்கிறது. நீளமான இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சுட்டு, உள்ளே காற்று விரிந்து, சில சமயம் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று டியூப் வெடித்துவிடும். ஒட்டுப் போட்ட டியூப் என்றால் ஒட்டு இளகிப் போகும். டிஸ்க்கில் வெப்பம் டயரிலிருந்து தள்ளி, நடுவிலேயே நின்றுவிடுகிறது. தட்டுதான் சூடாகும். மலையடிவார டீக்கடையில் பெங்களூரிலிருந்து வந்த ஓர் அண்ணா இறங்கி வந்து சைக்கிளைச் சாய்த்தபோது, டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் டிஸ்க்கில் விழுந்து 'சுர்' என்றது. தோசைக்கல் மாதிரி. "தொட்டுடாதம்மா, தோல் வந்துடும்" என்றார். அந்தத் தட்டின் ஓரம் நீலமாக மாறியிருந்தது.

ரிம் தேய்வது இன்னொரு விஷயம். சேற்றில் உள்ள மணல் கட்டையில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி அலுமினியத்தைத் தேய்க்கும். வருஷக்கணக்கில் மலையில் ஓட்டினால் ரிம் சுவர் மெலிந்து ஒருநாள் பிளந்துவிடும். டிஸ்க்கில் தேய்வது தட்டும் பேட்டும்தான், மாற்றிவிடலாம். ரிம் கோட்டமாக இருந்தாலும் டிஸ்க்குக்குக் கவலை இல்லை. ரிம் பிரேக்கில் ஒரு குழியில் விழுந்து ரிம் வளைந்தால் கட்டை ஒரு பக்கம் உரசும், கோட்டம் எடுக்கிற வரைக்கும் பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இதுவரை படித்தவர்கள் டிஸ்க் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைப்பீர்கள். பொறுங்கள், எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைத் தாத்தாவை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

விழுந்த மறுநாள் சைக்கிளை அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். டிஸ்க்கை விரலால் தடவி மோந்து பார்த்தார். "யாரு பாப்பா இதுல எண்ணெய் விட்டது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சோப்புத் தண்ணியில தட்டைக் கழுவிடலாம். பேட் எண்ணெயைக் குடிச்சிடுச்சு, அது இனிமே உதவாது. தூக்கிப் போடு" என்றார். ரிம் பிரேக்கில் எண்ணெய் பட்டாலும் பிடிக்காதுதான். ஆனால் ரப்பர் கட்டை அவர் கடையில் எப்போதும் ஆணியில் தொங்கும், ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். என் பேட் அவரிடம் இல்லை, பேட் பல வடிவத்தில் வருகிறதாம். ஆள் சொல்லிவிட்டுத் திருப்பத்தூரிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நடந்தேன்.

என் டிஸ்க் ஏன் கத்தியது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். என்னுடையது ஒயரில் இழுக்கும் டிஸ்க். இதில் ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும், அது தட்டைத் தள்ளி மறுபக்கத்து பேட்டோடு அழுத்தும். அசையாத பேட்டை ஒரு சின்னத் திருகு வைத்து அவ்வப்போது தட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். பழைய ஓனர் அதைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. பிரேக்கைப் பிடித்திருக்கும் நட்டும் லூஸ், அதனால்தான் அதிர்ந்து கத்தியது. ஒரு ஸ்பேனரில் முடிய வேண்டிய வேலைக்கு நான் எண்ணெய் விட்டு, தம்பி கையை...

ஒயருக்குப் பதில் எண்ணெய்க் குழாய் வைத்த டிஸ்க்கும் உண்டு. பாய்மங்கள் பாடத்தில் வரும் பாஸ்கல் விதிதான். லீவரில் சின்ன பிஸ்டன், கீழே பெரிய பிஸ்டன். விரலால் மெதுவாக அமுக்கினாலே பேட் பலமாகப் பிடிக்கும், இரண்டு பேட்டும் நகரும், பேட் தேய்ந்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். (குழாய்க்குள் இருக்கும் அந்த எண்ணெய் வெளியே கசிந்து பேட்டில் பட்டால் என் கதிதான்!) குழாய்க்குள் காற்றுக் குமிழி நுழைந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், காற்றை வெளியேற்ற அதற்கான சாமான் வேண்டும். "அது நம்மகிட்ட இல்ல பாப்பா" என்று தாத்தா கையை விரித்துவிட்டார். மலையில் வெகுதூரம் ஓட்டும் அண்ணாமார்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊரில் கடை இருக்கிறது.

புது பேட் போட்ட அன்றைக்கும் ஒரு பயம். முதல் பிரேக் சரியாகவே பிடிக்கவில்லை! தாத்தா சிரித்தார். புது பேட்டைத் தட்டோடு பழக்க வேண்டுமாம். கொஞ்சம் வேகமாக ஓட்டி, முழுசா நிற்காமல் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, இப்படி இருபது முப்பது தடவை. பேட்டின் பொருள் கொஞ்சம் தட்டில் சீராகப் படிந்ததும் பிடிமானம் வருகிறது. பதினைந்தாவது தடவையிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. இதைத் தெரியாமல் புது பேட்டோடு நேராக மலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

மாதம் முடிந்ததும் அப்பாவிடம் என் நோட்டைக் காட்டினேன். 'மழை, சேறு, நீண்ட மலை இறக்கம் – இதற்கெல்லாம் டிஸ்க்தான். காய்ந்த சமதரைக்கு, நன்றாக வைத்திருக்கும் வி பிரேக்கும் அலுமினிய ரிம்மும் அதற்குச் சமம். வி பிரேக்கைச் சரிசெய்ய நம் ஊரிலேயே ஆள் உண்டு. டிஸ்க்கின் மேல் தப்பு இல்லை, அதைத் தெரியாமல் தொட்டதுதான் தப்பு' என்று எழுதியிருந்தேன். அப்பா முழுவதையும் படித்தார். "அப்போ தம்பிக்கு எது வாங்கறது?" என்று கேட்டார். தம்பி அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு, தனியாகச் சைக்கிளில் வர வேண்டும். அவனுக்கு டிஸ்க் மேல்தான் ஆசை. நான் வி பிரேக் என்று சொன்னேன். அவன் ஓட்டப்போவது ஏரிக்கரை வழியாகப் பள்ளிக்குத்தான், 14 வளைவு அல்ல. அவனுக்கு லீவரும் எட்ட வேண்டும், கட்டை தேய்ந்தால் அவன் கண்ணுக்கே தெரிய வேண்டும். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் டிஸ்க் சைக்கிளை அப்பா விற்கவில்லை. ஆனால் மாவுக்கட்டு பிரித்த பிறகும் பாரில் யாரையும் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சோதனைக்காக ஸ்டாண்டில் நின்றபோது நான் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். ரிம் பிரேக் கட்டைகளில் குறுக்கே வரி வரியாகப் பள்ளம் இருக்கும். அந்த வரி மறைந்துவிட்டால் கட்டை தீர்ந்தது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஒன்பதாம் வகுப்புச் சைக்கிள்களிலேயே ஆறில் வரி இல்லை. ஒன்றில் கட்டைக்குள் இருக்கும் இரும்பு வெளியே வந்து ரிம்மைக் கீறிக்கொண்டிருந்தது. இரண்டில் முன் பிரேக் ஒயரே இல்லை. யாருடையது என்று எழுதவில்லை, அவரவருக்கே தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் வேப்பமரத்தடியில் நானும் என் தோழியும் ஸ்பேனரோடு இருப்போம். பி.இ.டி. சாரும் வருகிறேன் என்றிருக்கிறார். கட்டை, ஒயர், பேட் எல்லாம் பார்த்துச் சொல்கிறோம். தாத்தா பத்து ஜோடி ரப்பர் கட்டை கொடுத்து அனுப்புகிறார், எடுத்துக்கொண்டவர்கள் திங்கட்கிழமை அவர் கடையில் காசு கொடுத்துவிட வேண்டும். டிஸ்க் வைத்திருப்பவர்களும் வாருங்கள், எண்ணெய்க் கேனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி
(படம்: தம்பி, ஐந்தாம் வகுப்பு, இடது கை)